இலையில் புள்ளி

டோம்பிவிலியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. துணி காயாது. வீட்டுக்குள் வளரும் ஆர்க்கிட் பூச்செடியின் இலையும் காயாது. அப்போது இலையில் புள்ளி விழும்.

புள்ளியை உற்றுப் பாருங்கள்.

வெளுத்து, பரவாமல் இருக்கிறதா? அது வெயில் சுட்டது. செடியை நிழலில் வையுங்கள்.

கறுத்துக் காய்ந்திருக்கிறதா? அது பூஞ்சையாக இருக்கலாம்.

ஈரமாக, கொழகொழவென்று இருக்கிறதா? அது பாக்டீரியா கிருமி. வேகமாகப் பரவும். குருத்துக்குப் போனால் செடி பிழைப்பது கடினம்.

பூஞ்சைக்கும் கிருமிக்கும் வைத்தியம் ஒன்றே. பிளேடைத் தீயில் காட்டி ஆறவிடுங்கள். புள்ளியைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல இலையையும் சேர்த்து வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் சமையல் பட்டைப் பொடி தடவுங்கள். மற்ற செடிகளைத் தள்ளி வையுங்கள்.

காலையில் வேருக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். காற்று படட்டும்.

மருந்து வாங்கினால் டப்பாவைப் படியுங்கள். செம்பு கலந்த மருந்து சில ஆர்க்கிட்டுகளுக்கு ஆகாது.

பதில் எழுதுங்கள்: எந்தப் புள்ளி ஆபத்தானது? ஏன்?