நெற்குருத்துப் பூச்சியும் அதன் வாழ்க்கை வரலாறும்

காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளுக்கு இழை அளிப்பது ஓர் அந்துப்பூச்சியின் புழுவாகும். அந்நகரைச் சூழ்ந்த ஏரிப்பாசன நிலங்களில் நெற்பயிரை உள்ளிருந்து அழிப்பதும் மற்றோர் அந்துப்பூச்சியின் புழுவே. முன்னதை அறியாதார் அங்கு இலர். பின்னதையோ, சேதம் நேர்ந்த பின்னரே பலர் அறிகின்றனர். இதனைக் குருத்துப்பூச்சி என்றும் தண்டுத்துளைப்பான் என்றும் வழங்குவர். 1863-ஆம் ஆண்டில் வாக்கர் என்னும் ஆங்கிலேய அறிஞர் இதனை விவரித்துச் சாஸ்திரப் பெயரிட்டார்.

தோற்றம்: பெண் அந்து மஞ்சள் நிறமுடையது. முன்னிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி உண்டு. வயிற்றின் நுனியில் மயிர்க்கற்றை காணப்படும். ஆண் சிறியது, பழுப்பு நிறத்தது. அதில் அப்புள்ளி தெளிவாயிராது. இரண்டும் இரவில் விளக்கொளியை நாடிவரும்.

வாழ்க்கை: பெண் அந்து இலைநுனியை அடுத்து முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் மயிரால் மூடிவிடும். 5 முதல் 8 நாளில் முட்டை பொரியும். இளம்புழுக்கள் பட்டிழை போன்ற நூலில் தொங்கி, காற்றினால் அடுத்த பயிர்களுக்குப் பரவி, தண்டைத் துளைத்து உட்புகும். 33 முதல் 41 நாள் உள்ளே தின்று வளர்ந்தபின், தண்டின் அடியில் வெண்ணிறக் கூடு கட்டும். 6 முதல் 10 நாளில் அந்தாக வெளிவரும். ஆகவே ஒன்றரை அல்லது இரண்டு மாதத்தில் ஒரு தலைமுறை முடிகிறது. சொர்ணவாரி, சம்பா, நவரை என நெல் தொடர்ந்து பயிராகுமிடத்தில் இதற்கு உணவு குறைவதில்லை.

சேதம்: இளம்பயிரில் நடுக்குருத்து காய்ந்துவிடும், இழுத்தால் எளிதில் கையோடு வரும். அப்பருவத்தில் பயிர் புதுத்தூர் விட்டு ஓரளவு தேறக்கூடும். கதிர் வெளிவரும் பருவத்தில் தாக்கினால் கதிர் முழுதும் வெளுத்துப் பதராகும், அதற்குப்பின் பரிகாரமில்லை.

தடுப்பு: நடவுக்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளி அழித்தால் முட்டைகளும் அழியும். வயலில் காணும் முட்டைக் குவியல்களைச் சேகரித்து அழிக்க வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு 2 குவியல் காணின் தாமதியாது வேளாண்மை அலுவலரின் யோசனையைப் பெறுதல் நலம். முட்டைகளை அழிக்கும் டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணிக் குளவிகளை வயலில் விடுவதும் பயன்தரும். அறுவடையானவுடன் தாளடியை மடக்கி உழுதால், அதில் தங்கிய புழுவும் கூடும் அழியும்.

ஒருவர் உழுது அயலார் தாளை விட்டுவைப்பின், அந்து வரப்பைக் கடந்து மீண்டும் வரும். ஆதலின் ஓர் ஏரியின் ஆயக்கட்டு முழுவதும் ஒரே காலத்தில் உழவு நடைபெறுமாறு நிலமுடையோரும் கிராம அலுவலர்களும் முன்கூட்டியே கலந்து ஏற்பாடு செய்தல் வேண்டும்.