பௌர்ணமிக்கு முன் ரீபூட் தேவையா?

கேள்வி: எங்கள் கல்லூரியில் சிஸ்கோ யுசிஎஸ் சேஸிஸ் ஒன்று, அதில் எட்டு பிளேடு சர்வர்கள். எல்லாவற்றிலும் உபுண்டு. ஹாஸ்டல் வைஃபைக்குப் புதிதாக ஒரு வி-லேன் கொண்டுவர வேண்டும். பேக்கப்புக்கென்று தனியாக ஒரு நெட்வொர்க் கார்டும் சேர்க்க வேண்டும். 'நெட்வொர்க்கில் கை வைத்தால் ரீபூட் பண்ணியே ஆகணும்' என்கிறார் சீனியர். 'லினக்ஸுக்கு எதுக்குண்ணே ரீபூட்?' என்கிறான் கூட வேலை பார்க்கும் தம்பி. யார் சொல்வதைக் கேட்பது? பௌர்ணமிக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது.
– ஒரு சிஸ்டம் அட்மின், திருவண்ணாமலை

பதில்: வி-லேனுக்கு ரீபூட் வேண்டாம். கார்டுக்கு வேண்டும்.

சீனியரைக் குறை சொல்லாதீர்கள். விண்டோஸ் என்டி 4 காலத்தில் ஐபி முகவரியை மாற்றினாலே மெஷினை ரீபூட் செய்யச் சொல்லும். விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் அந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. அந்தக் காலத்தில் வேலை கற்றவர்களுக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை. தம்பி சொல்வது மேஜைக்கு அடியில் இருக்கும் சாதாரண சர்வரில் அமைப்புகளை மாற்றுவது வரைக்கும் சரி. பிளேடில்தான் அது இடறும்.

காரணம் இது. சாதாரண சர்வரில் கார்டு என்பது ஸ்லாட்டில் செருகிய பொருள். உங்கள் பிளேடில் உபுண்டு பார்க்கும் கார்டு அப்படிச் செருகியதல்ல. சர்வீஸ் புரொஃபைலில் நீங்கள் எழுதி வைத்ததைப் பார்த்து அடாப்டர் உருவாக்கித் தரும் வி-நிக் அது. எத்தனை கார்டு, எந்த மேக் முகவரி, எத்தனை க்யூ என்பதெல்லாம் பிளேடு பூட் ஆகும்போது முடிவாகிவிடும். வி-லேன் அப்படியல்ல. அந்தக் கார்டு வழியாக எந்த டிராஃபிக் போகலாம் என்பது மட்டுமே அது. தெருவில் எந்த வண்டியை விடுவது என்பதை நின்ற இடத்திலேயே மாற்றலாம். வீட்டுக்குப் புது வாசல் வைக்கத்தான் கொத்தனார் வர வேண்டும்.

எச்பி சி7000 சேஸிஸில் வர்ச்சுவல் கனெக்ட் வைத்திருப்பவர்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான், இன்னும் கொஞ்சம் கறாராக. புரொஃபைலைப் புதிதாக ஒட்ட பிளேடு முழுக்க அணைந்திருக்க வேண்டும். ஓஎஸ்ஸுக்குள் இருந்து ரீஸ்டார்ட் கொடுத்தால் போதாது.

ரீபூட் வேண்டாம் என்றதும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வி-லேனைச் சேர்க்கும் திரையில் 'நேட்டிவ்' என்று ஒரு பட்டன் இருக்கும். கை தவறி அது புது வி-லேனுக்கு மாறினால் பிளேடு அணையாது, இணைப்புதான் போய்விடும். அந்த வி-லேன் டேக் செய்யப்பட்டு வந்தால் உபுண்டுவுக்குள்ளும் அதற்கொரு இன்டர்ஃபேஸ் எழுத வேண்டும். அதை 'நெட்பிளான் அப்ளை' என்று அடிக்காமல் 'நெட்பிளான் ட்ரை' என்று அடியுங்கள். நீங்கள் உறுதி செய்யாவிட்டால் 120 விநாடியில் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

அடுத்தது கார்டு. இதில் ரீபூட்டை விட, அந்த ரீபூட் எப்போது நடக்கும் என்பதுதான் ஆபத்து. அதைத் தீர்மானிப்பது மெயின்டனன்ஸ் பாலிசி. 'இமீடியட்' என்றால் சேவ் அழுத்திய கணமே பிளேடு ரீபூட் ஆகும். 'யூசர் அக்' என்றால் நீங்கள் ஒப்புதல் தரும்வரை பென்டிங் ஆக்டிவிட்டீஸில் காத்திருக்கும். 'டைமர் ஆட்டோமேட்டிக்' என்றால் குறித்த நேரத்தில். உங்கள் எட்டு புரொஃபைலும் ஒரே அப்டேட்டிங் டெம்ப்ளேட்டில் கட்டுண்டு, பாலிசியும் இமீடியட்டாக இருந்தால், டெம்ப்ளேட்டில் ஒரு வி-நிக் சேர்த்ததும் எட்டும் ஒரே நேரத்தில் விழும். ஒரு வாடிக்கையாளரிடம் நானே இதைச் செய்திருக்கிறேன், மதியம் மூன்றரை மணிக்கு. அன்று அங்கே கிடைத்த காபி ரொம்பக் கசந்தது.

ஆகவே முதலில் பாலிசியை 'யூசர் அக்'குக்கு மாற்றுங்கள். பிறகு ஒரே ஒரு பிளேடை மட்டும் ரீபூட் செய்யுங்கள். புது வி-நிக் நுழைந்ததில் பிசிஐ வரிசை மாறி, பழைய கார்டின் பெயரே மாறிப்போவதுண்டு. அப்போது நெட்பிளான் ஃபைல் இல்லாத பெயரைத் தேடிக்கொண்டிருக்கும், எஸ்எஸ்எச் வராது. ஃபைலில் பெயருக்குப் பதில் மேக் முகவரியை வைத்துக் கார்டை அடையாளம் காட்டிவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

பௌர்ணமி பற்றிக் கேட்டீர்கள். வி-லேன் வேலையை இன்றோ நாளையோ முடித்துவிடுங்கள். கார்டு வேலையைப் பௌர்ணமி கழித்து வையுங்கள். அன்றிரவு 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம் நடக்கும், வண்டிகளைத் திருப்பி விடுவார்கள். வீட்டில் உட்கார்ந்து செய்த மாற்றம் சொதப்பினால் பைக்கை எடுத்துக்கொண்டு சர்வர் ரூமுக்குப் போய்ச் சேர்வது உங்கள் கையில் இருக்காது. கார்த்திகை தீபத்தின் பத்து நாளும் அப்படியே, சேஸிஸ் பக்கமே போக வேண்டாம்.

ரீபூட் கொடுப்பதற்கு முன் யுசிஎஸ் மேனேஜரிலிருந்து அந்தப் பிளேடின் கேவிஎம் திரையைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்எச் செத்தாலும் அது வேறு வழியில் வருவதால் உயிரோடிருக்கும். முதல் பிளேடு எழும்போது தம்பியையே அதன் முன்னால் உட்கார வையுங்கள்.