பெண்பால் ஹார்மோன் சிகிச்சை: தொடங்குமுன் அறிய வேண்டுவன

மலருக்கு ஓர் அறிவியல் கட்டுரை வேண்டுமென்று இதழாசிரியர் கேட்டபோது, வினையூக்கிகளைப் பற்றி எழுதலாமென்றே முதலில் எண்ணினேன். எம்.எஸ்ஸி. இரண்டாமாண்டில் வேதியியல் பயிலும் ஒருத்திக்கு அது எளிய பொருள். ஆனால் அந்த வாரமே ஒரு மருத்துவர் என் கையில் இரத்தப் பரிசோதனைச் சீட்டொன்றைத் தந்தார். முடிவுகள் ஒழுங்காக இருப்பின் அடுத்த மாதம் எனக்கு ஹார்மோன் சிகிச்சை தொடங்கும். நான் திருநங்கை. நம் சங்கத்து நண்பர்களிற் சிலர் இதனை அறிவர், பலர் அறியார். இப்போது அறிந்துகொள்ளட்டும்.

அன்றிரவு பாளையங்கோட்டையிலுள்ள என் தாயாருக்குத் தில்லியிலிருந்து தொலைபேசியில் செய்தியைச் சொன்னேன். எப்போதும் "ஏல" என்று பேச்சைத் தொடங்குபவர், அன்று அச்சொல்லை விட்டுவிட்டார். "உடம்புக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?" என்று மட்டும் கேட்டார். "ஒன்றும் ஆகாது" என்று சொல்லிவிட நா எழுந்தது. அறிவியல் பயில்பவள் அப்படிச் சொல்லலாகாது. "நல்லாப் படிச்சுட்டுச் சொல்லுதேன்ம்மா" என்றேன். அவ்வாறு படித்தவற்றின் சுருக்கமே இக்கட்டுரை.

ஹார்மோன் என்பது யாது?

நம் உடலில் நாளமில்லாச் சுரப்பிகள் பல உண்டு. அவை சுரக்கும் பொருள்கள் இரத்தத்தில் கலந்து, தொலைவிலுள்ள உறுப்புகளைத் தூண்டுகின்றன. இப்பொருள்களுக்கு 1905-ஆம் ஆண்டில் ஹார்மோன் என்று பெயர் சூட்டியவர் ஸ்டார்லிங் என்னும் ஆங்கிலேய உடலியல் அறிஞர். கிரேக்க மொழியில் 'தூண்டுவது' என்பது அதன் பொருள்.

ஆண்பால் ஹார்மோன்களில் தலையாயது டெஸ்டாஸ்டிரோன். பெண்பால் ஹார்மோன்களில் தலையாயது எஸ்ட்ரடையால். முன்னதில் 19 கார்பன் அணுக்கள், பின்னதில் 18. இரண்டும் கொலஸ்டிரால் என்னும் ஒரே தாய்ப்பொருளிலிருந்து பிறந்தவை. அதுமட்டுமன்று; அரோமட்டேஸ் என்னும் நொதி முன்னதைப் பின்னதாக மாற்றும் வேலையை ஆண், பெண் என்னும் வேறுபாடின்றி எல்லா உடலிலும் செய்துகொண்டே இருக்கிறது. இரு ஹார்மோன்களும் எல்லோரிடமும் உண்டு, அளவுதான் வேறு. அந்த அளவை மாற்றுவதே இச்சிகிச்சை. எஸ்ட்ரடையாலைக் கொடுப்பது ஒரு பாதி. டெஸ்டாஸ்டிரோனை அடக்குவது மறு பாதி.

எதிர்பார்க்கத் தக்கவை

ஆய்வுக்கூடத்தில் எந்த வினையையும் தொடங்குமுன், அது எவ்வளவு நேரம் பிடிக்கும், என்ன கிடைக்கும், மீளும் வினையா மீளா வினையா என்று கேட்கிறோம் அல்லவா? அதே வினாக்களை இங்கும் கேட்கலாம்.

முதல் மூன்று மாதங்களுக்குள் பாலுணர்வு தணியக்கூடும். மூன்று முதல் ஆறு மாதங்களில் தோல் மென்மையுறும். எண்ணெய்ப் பசை குறையும். தசை வலிமை குறையத் தொடங்கும். கொழுப்பு இடுப்பிலும் தொடையிலும் சேரத் தொடங்கும். மார்பும் வளரத் தொடங்கும். மார்பு வளர்ச்சி நிறைவுற இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும். இறுதியில் எவ்வளவு வளரும் என்பதை எந்த மருத்துவராலும் முன்கூட்டிக் கூறவியலாது. உடல் உரோமம் மெலிய ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும்.

இவற்றுள் தோலின் மென்மையும், கொழுப்பும், தசையும் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். வளர்ந்த மார்பு திரும்பாது.

எதிர்பார்க்கத் தகாதவை

உடைந்த குரல் இம்மருந்தால் மாறாது. அதற்குக் குரற்பயிற்சி வேண்டும். தாடி உதிராது, அதற்கு லேசர் அல்லது மின்முறை வேண்டும். உயரமும் தாடையெலும்பும் நின்றபடியே நிற்கும். மருந்தின் அளவைக் கூட்டினால் மாற்றம் விரைந்து வருமென்று பலர் நம்புகின்றனர். அது தவறு. ஏற்பிகள் நிரம்பிய பின் மிகுதியாக ஊற்றுவது, நிறைந்த குடத்தில் நீர் வார்ப்பது போன்றதே. வழிவதெல்லாம் கேடாகத்தான் முடியும்.

மனத்தைப் பற்றியும் ஒரு சொல். சிகிச்சைக்குப் பின் மனச்சோர்வு குறைந்து வாழ்வில் நிறைவு கூடுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் வீட்டாரின் மௌனத்தையும் விடுதியின் கேலியையும் கரைக்கும் கரைப்பான் எதுவும் இம்மருந்தில் இல்லை. அவற்றுக்கு நண்பர்கள் வேண்டும்.

நான் செய்த பிழை

பத்தொன்பதாம் வயதில், யாரையும் கேளாமல், ஒரு மருந்துக் கடையில் கருத்தடை மாத்திரை வாங்கி ஏழு வாரம் விழுங்கினேன். சீட்டு எங்கே என்று கடைக்காரர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் போன்றோர் பலர் செய்யும் பிழை இதுவே.

அம்மாத்திரைகளிற் பெரும்பாலானவற்றில் இருப்பது எஸ்ட்ரடையால் அன்று; எத்தினைல் எஸ்ட்ரடையால். 1938-இல் ஜெர்மனியில் செயற்கையாக ஆக்கப்பட்ட பொருள் அது. பதினேழாம் கார்பனில் ஒரு சிறு தொகுதியைச் சேர்த்ததால், கல்லீரல் அதனை எளிதிற் சிதைக்க இயலுவதில்லை. அது நெடுநேரம் தங்கிக் கல்லீரலைத் தூண்ட, இரத்தத்தை உறையச் செய்யும் புரதங்கள் மிகுகின்றன. காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறைந்து, அக்கட்டி நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே இறுதியாகலாம். எனவேதான் திருநர் மருத்துவத்துக்கான உலகளாவிய வழிகாட்டியின் எட்டாம் பதிப்பு, 2022-இல், இதனை இச்சிகிச்சைக்குப் பயன்படுத்தலாகாது என்று கூறிற்று. நான் தப்பியது அறிவினாலன்று, நற்பேற்றினால்.

தொடங்குமுன் எண்ண வேண்டியவை

முதலாவது, இரத்த உறைவு. இயற்கை எஸ்ட்ரடையாலையும் மாத்திரையாக விழுங்கினால், அது குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குத்தான் செல்கிறது. தோலில் பூசும் களியாகவோ ஒட்டுப் பட்டையாகவோ கொண்டால், முதலில் இரத்தத்தில் கலக்கிறது. உறைவின் அச்சமும் குறைகிறது. புகைபிடிப்போர் அதனை விட்டொழிப்பது நலம். முப்பது மணிக்கு மேல் இரயிலில் ஊருக்குச் செல்லும் நாம், அமர்ந்தே இராமல் இடையிடையே எழுந்து நடப்பதும் நன்று.

இரண்டாவது, அடக்கும் மருந்துகள். ஸ்பைரோனோலாக்டோன் என்பது சிறுநீரைப் பெருக்கும் மருந்து, இரத்த அழுத்தத்தைக் குறைக்கும், பொட்டாசியத்தைக் கூட்டும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. ஆகவே அம்மருந்தை உண்போர் இளநீர் பருகும் அளவை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். சைப்ரோட்டெரோன் என்னும் மற்றொன்றை மிகுந்த அளவில் நெடுங்காலம் உண்டால், மூளையுறையில் மெனிஞ்சியோமா என்னும் கட்டி தோன்றும் வாய்ப்புக் கூடுகிறது. அளவு குறைந்திருத்தல் வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது, மகப்பேறு. விந்து உற்பத்தி குறையும், நின்றும் போகலாம், மருந்தை விட்டாலும் திரும்புமென்று உறுதியில்லை. பிற்காலத்தில் தன் வழிக் குழந்தை வேண்டுவோர், தொடங்குமுன் விந்தை உறைநிலையிற் சேமித்து வைத்தல் வேண்டும். சேமிப்புக்கு ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. உதவித்தொகையில் வாழ்பவளுக்கு அது சிறு தொகையன்று. இருபத்துமூன்று வயதில், நாற்பது வயதுக்காரி எதை விரும்புவாள் என்று எவ்வாறு அறிவது? நான் இன்னும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்யாமல் மருந்தைத் தொடுவதில்லை என்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன். விந்து குறையும் என்பதால் இதனைக் கருத்தடையாகக் கொள்ளவும் கூடாது.

நான்காவது, பரிசோதனைகள். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகம், புரோலாக்டின், இரு ஹார்மோன்களின் அளவு ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்கின்றனர். முதலாண்டில் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கொரு முறையும், பின்னர் ஆண்டுக்கு ஓரிரு முறையும் ஹார்மோன் அளவு முதலியவற்றை மீண்டும் பார்க்கின்றனர். தொடக்கநிலை அளவீடு இல்லாத சோதனை, சோதனையாகுமா?

மருந்தின் மில்லிகிராம் அளவுகளை நான் வேண்டுமென்றே எழுதவில்லை. அது ஒவ்வோர் உடலுக்கும் வேறு. நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் குறிக்க வேண்டியது. எழுதினால், பத்தொன்பது வயதில் யான் செய்ததை இன்னொருத்தி இப்பக்கத்தைப் பார்த்துச் செய்வாள்.

மருத்துவரிடம் செல்ல நாணுவோர்க்கு ஒன்று கூறுவேன். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில், பாலின முரண்பாட்டை மனநோய்களின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. 2022 முதல் அவ்வகைப்பாடு நடைமுறைக்கு வந்துள்ளது. நம் உச்ச நீதிமன்றமோ 2014-இலேயே, தன் பாலினத்தைத் தானே உரைக்கும் உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது.

தாயாரின் கேள்வி

இத்தனையும் படித்தபின், ஒரு ஞாயிறன்று தாயாரை மீண்டும் அழைத்தேன். "ஆகலாம்மா. இன்னது ஆகலாம், அது ஆகாம இருக்கத்தான் இன்ன பரிசோதனை" என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். உறைவைப் பற்றிச் சொன்னபோது இடைமறித்தார். "பெரியப்பாவுக்குக் காலு வீங்கி, ரத்தம் கட்டிருச்சின்னு ஆஸ்பத்திரியில வச்சிருந்தாவல்லா, அந்த மாதிரியா?"

நான் திகைத்துப் போனேன். குடும்பத்தில் யாருக்கேனும் இரத்தம் உறைந்ததுண்டா என்று மருத்துவர் கேட்டபோது, "இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். பெரியப்பாவின் கால் எனக்கு வெறும் வீக்கமாகத்தான் தெரிந்திருந்தது. மறுநாளே சென்று உண்மையைச் சொன்னேன். மருத்துவர் மேலும் சில பரிசோதனைகளைச் சீட்டில் சேர்த்தார். மாத்திரை என்றிருந்ததை அடித்துவிட்டு, பூசும் களி என்று எழுதினார்.

நூலகத்தில் ஒரு மாதம் தேடியும் கிடைக்காத செய்தி பாளையங்கோட்டை வீட்டில் இருந்தது. கேட்பதற்கு வீடு இல்லாதோர் நம்மிடையே பலர். அவர்கள் நிலை எனக்குத் தெரியாததன்று. ஆனால் கேட்க ஒருவரேனும் உள்ளவர்கள், தொடங்குமுன் கேளுங்கள். "உடம்புக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?" என்பது தடை சொல்லும் வாய் அன்று, மருத்துவர் கேட்கும் அதே கேள்விதான். அதற்குப் பொய்யில்லாத விடையொன்றைத் தேடிக்கொண்டு தொடங்குவோம்.