கேட்காதீர்கள், செய்யச் சொல்லிப் பாருங்கள்: ஹீமோபிலியா உள்ளவரின் உடல் இயக்கத்தை அளக்கும் முறை

"கால் எப்படி இருக்கு?" என்று கேட்டால், ஹீமோபிலியாவோடு வளர்ந்தவர் பெரும்பாலும் "பரவாயில்ல" என்றுதான் சொல்வார். அதில் பொய் இல்லை. பிள்ளைப் பருவத்திலிருந்தே மூட்டுக்குள் ரத்தம் கசிந்து கசிந்து முழங்கால் இறுகிப்போனவருக்கு, அது முழுதாக மடங்கிய காலமே நினைவில் இருக்காது. ஒரு பக்கம் சாய்ந்து நடப்பதும், சுவரைப் பிடித்து எழுவதும் அவருக்கு இயல்பாகிவிட்டிருக்கும். அதனால்தான் வாய்ப்பேச்சை மட்டும் நம்பாமல் செய்யச் சொல்லிப் பார்த்து, தேதி போட்டு எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

அப்படிப் பார்ப்பதற்கான ஒரு அளவுகோலை உலகத்துக்குத் தந்தது வேலூர். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் எலும்பு மருத்துவர் பிரதீப் பூன்னூஸ், ரத்தநோய் மருத்துவர் அலோக் ஸ்ரீவஸ்தவா ஆகியோரின் குழு 2005இல் அதை வெளியிட்டது. 'ஃபிஷ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த முறைக்கு எக்ஸ்ரேயோ மற்ற இயந்திரங்களோ வேண்டாம். தரையில் உட்காரும் பழக்கமுள்ள மக்களை மனதில் வைத்து, குத்தவைத்து உட்கார்ந்து எழுவதையும் அதில் தனியாகச் சேர்த்தார்கள். மூட்டுச் சேதம் முற்றியவர்கள் அதிகமாகவும், ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் ஊசி குறைவாகவும் இருக்கும் நாடுகளில் இதன் பயன் பெரிது.

வண்டிப்பெரியார் போன்ற மலையூருக்கு இது இன்னும் பொருத்தம். கோட்டயம்–குமுளி சாலையையொட்டிய எஸ்டேட்டுகளில் லயத்து வாசலிலிருந்து பஸ் ஏறும் இடம்வரை ஏற்றமும் இறக்கமும்தான். கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்கு மலையிறங்கிப் போகிறவர்களும், குமுளி தாண்டித் தேனிக்குப் போகிறவர்களும் வைத்தியரிடம் நிற்பது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களில் ஒரு வருடத்து மாற்றத்தைக் காட்ட வேண்டுமென்றால் கையில் தாள் இருக்க வேண்டும். முறையான மதிப்பெண்ணைப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் போடுவதே சரி. ஆனால் அம்மாவோ, ஆஷா பணியாளரோ, ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸோ வீட்டில் வைத்துப் பார்த்து எழுதும் குறிப்பு அந்த வேலையைப் பாதி முடித்துவிடும்.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள். புதிய கசிவு இருக்கும் நாளில் எதையும் அளக்கக் கூடாது. மூட்டுக்குள் கூச்சம் போன்ற ஒரு உணர்வு, சூடு, வீக்கம், மடக்க நீட்ட முடியாத வலி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் தாளை மூடிவிட்டு ஃபேக்டருக்குக் கிளம்புங்கள். அடிவயிற்றின் ஓரமோ தொடைச்சந்தோ வலித்து, இடுப்பை மடக்கியே வைத்திருந்தால் அது உள்தசைக் கசிவாக இருக்கலாம். காலை இழுத்து நேராக்கப் பார்ப்பது ஆபத்து. தலையில் அடிபட்டிருந்தால் சோதனை, ஸ்கேன் எல்லாம் பிறகு. ஃபேக்டர்தான் முதலில். வீங்கிய மூட்டை எண்ணெய் போட்டு நீவுவதும், வலிக்கு ஆஸ்பிரினோ இபுப்ரொஃபெனோ கொடுப்பதும் வேண்டவே வேண்டாம். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

கசிவு அடங்கி, நடமாட்டம் வழக்கமான நிலைக்குத் திரும்பிய பிறகு ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். தேவையானவை ஒரு சமதரை, ஒரு நாற்காலி, கொஞ்சம் படிக்கட்டு. கடைசியாக எப்போது, எந்த மூட்டில் கசிவு வந்தது, எப்போது ஃபேக்டர் ஏறியது என்பதைத் தாளின் தலைப்பிலேயே குறித்துவிடுங்கள்.

பார்க்க வேண்டியவை எட்டுச் செயல்கள். சாப்பிடுவதும் தலைவாருவது போன்ற ஒப்பனையும் சேர்ந்து ஒன்று, குளிப்பது, உடுத்துவது ஆகிய மூன்றும் தன் உடம்பைத் தானே பேணுவது சார்ந்தவை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, குத்தவைத்து எழுவது இரண்டும் இடம் மாறுவது. நடை, படியேற்றம், ஓட்டம் மூன்றும் நகர்வு.

ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். நல்ல உடல்நிலை உள்ள மற்றவர்களைப் போலச் சிரமமில்லாமல் செய்தால் 4. ஆள் துணையோ கருவியோ இல்லாமல் செய்கிறார், ஆனால் கொஞ்சம் அசௌகரியம் தெரிகிறது என்றால் 3. ஓரளவு ஆள் துணையோ, ஊன்றுகோல் போன்ற கருவியோ, மாற்றியமைத்த வசதியோ தேவைப்பட்டால் 2. செய்யவே முடியவில்லை, அல்லது முழுக்க இன்னொருவர்தான் செய்துவிட வேண்டும் என்றால் 1. எட்டையும் கூட்டினால் குறைந்தது 8, அதிகபட்சம் 32.

இதில் தடுமாற வைப்பது 4க்கும் 3க்கும் இடையிலுள்ள கோடு. இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முழங்கை முழுதாக மடங்காது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது கை உயர்வதற்குப் பதில் தலை குனிந்து கையிடம் வருகிறது. சட்டையை வலிக்காத கைக்கு முதலில் மாட்டாமல், எப்போதும் இறுகிய கைக்கே முதலில் மாட்டுகிறார். தட்டு காலியாகிவிட்டது, சட்டையும் போட்டாகிவிட்டது, ஆகவே 4 என்று எழுதத் தோன்றும். எழுத வேண்டியது 3. வேலை முடிந்ததா என்பதைவிட உடம்பு அதை எந்த வழியில் முடித்தது என்பதைக் கவனியுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் 'வலது முழங்கை' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் பிசியோதெரபிஸ்டுக்கு அதுவே வழிகாட்டி.

நடக்கச் சொல்லும்போது முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். குதிகால் தரையில் படாமல் முன்பாதத்தில் நடக்கிறாரென்றால் கணுக்காலையோ கெண்டைக்காலையோ சந்தேகிக்கலாம். குத்தவைக்கச் சொல்லும்போது யாராவது அருகில் நில்லுங்கள். முடியாதவரை வற்புறுத்தி உட்கார வைக்காதீர்கள். ஓட்டமும் அப்படித்தான்: அண்மையில் அடிக்கடி கசிந்த மூட்டு இருந்தாலோ, அறுவை சிகிச்சை ஆகியிருந்தாலோ வைத்தியரைக் கேட்காமல் ஓடச் சொல்லக் கூடாது. சோதனைக்காக ஒரு கசிவை வரவழைப்பது பெரிய தவறு.

எஸ்டேட் வாழ்க்கைக்கென்று இன்னும் சில கேள்விகள் உண்டு. சரிவில் இறங்க முடிகிறதா? பஸ்ஸின் உயரமான முதல் படியில் எந்தக் காலை வைத்து ஏறுகிறார்? தண்ணீர்க் குடம் தூக்குகிறாரா? மழைக்காலத்து வழுக்குப் பாதையில் எப்படி? இவற்றையும் எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் 32க்குள் கலக்காமல் தனியாக எழுதுங்கள். கலந்துவிட்டால் வேலூரிலோ கோட்டயத்திலோ போடும் மதிப்பெண்ணோடு ஒப்பிட முடியாது.

பிறகுதான் கேள்விகளின் முறை வருகிறது. நெதர்லாந்தில் உருவான 'ஹால்' என்ற வினாத்தாளில் 42 கேள்விகள் உள்ளன. குழந்தைகளுக்குத் தனி வடிவமும் உண்டு. அவ்வளவு நீளம் வேண்டாமென்றால், "எதைச் செய்ய முடியாமல் இருப்பது உனக்கு ரொம்ப வருத்தம்?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, பதிலை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். தேர்வெழுதும்போது கை இறுகுகிறது என்று ஒரு மாணவர் சொல்லலாம். எட்டுச் செயல்களில் எதுவும் அதைக் காட்டியிருக்காது.

32 வாங்கிய சிறுவனின் மூட்டெல்லாம் நலம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தொடக்கநிலைச் சேதத்தை எட்டுச் செயல்கள் தவறவிடும். அதற்குத்தான் 4 முதல் 18 வயதுள்ள குழந்தைகளுக்கென வடிவமைக்கப்பட்ட மூட்டு நல மதிப்பீடு. முழங்கை, முழங்கால், கணுக்கால் என்று ஆறு மூட்டுகளிலும் வீக்கம், தசை மெலிவு, வலி, வலிமை, மடங்கும் நீளும் அளவு ஆகியவற்றைப் பயிற்சி பெற்றவர் தொட்டும் கோணமானியால் அளந்தும் பார்ப்பார். மூட்டுக்கு 20, நடைக்கு 4, மொத்தம் 124. இங்கே கணக்கு தலைகீழ்: எண் கூடினால் சேதமும் கூடியிருக்கிறது. இரண்டு தாள்களையும் ஒன்றாக வைத்திருக்கும் குடும்பங்கள் இதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஆகவே மூட்டு மதிப்பீட்டுத் தாளின் மேலேயே 'குறைந்தால் நல்லது' என்று எழுதி வைப்பது உதவும்.

கேரளத்தில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு எமிசிசுமாப் மருந்தை அரசு 2024 முதல் வழங்கிவருவதால், இந்த அளவீட்டுக்குப் புதிய தேவை வந்திருக்கிறது. ஹீமோபிலியா ஏ உள்ளவர்களுக்குத் தோலுக்கடியில் போடும் இந்த ஊசி கசிவுகளை வெகுவாகக் குறைக்கும். ஏற்கெனவே தேய்ந்த மூட்டைத் திருப்பித் தராது. தொடங்கிவிட்ட கசிவுக்குச் சிகிச்சையாகவும் ஆகாது. கசிவு நின்ற பிறகு உடற்பயிற்சியால் எவ்வளவு இயக்கத்தை மீட்கலாம் என்று தெரிய, ஊசி தொடங்கும் முன்பு ஒரு தாளும் பிறகு ஒரு தாளும் வேண்டும்.

வருடத்துக்கு ஒருமுறையாவது, முடிந்தால் அதே ஆள், அதே படிக்கட்டு, அதே நேரம் என்று மீண்டும் பாருங்கள். மொத்த எண் மாறாமல் படியேற்றம் மட்டும் 4இலிருந்து 3க்கு இறங்கி வேறொன்று ஏறியிருக்கலாம். அதனால் எட்டு எண்களையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரே ஒரு எண் இறங்கியிருந்தாலும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்காமல் ஹீமோபிலியா மையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

போகும்போது ஃபேக்டர் அளவு, இன்ஹிபிட்டர் (ஃபேக்டரைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள்) பரிசோதனை முடிவு, கசிவுக் குறிப்பேடு ஆகியவற்றோடு இந்தத் தாள்களையும் ஒரே கோப்பில் வையுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஹீமோபிலியாவும் ஒன்று. சான்றிதழுக்கான சதவீதத்தை மருத்துவக் குழுதான் அரசு விதிப்படி முடிவுசெய்யும், 32க்கு எத்தனை என்பதை வைத்து அல்ல. ஆனாலும் குழுவின் முன் நிற்கும் நாளில் நல்ல நடை நடந்துவிட்டு, "பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு வரும் இளைஞருக்கு, மூன்று வருடத் தேதிகளோடு இருக்கும் அந்தக் கோப்பு துணைக்கு நிற்கும்.