உயர்ந்த கூரையில் விளக்கு அமைத்தல்: அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

திருவந்திபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் நெல்லும் கரும்பும் மணிலாவும் விளைகின்றன. கெடிலத்தைக் கடந்து சற்று அப்பால் சென்றால் குறிஞ்சிப்பாடி, புவனகிரி முதலிய ஊர்களில் தறியோசை கேட்கிறது. விளைந்ததையும் நெய்ததையும் சேர்த்து வைத்து நல்ல விலைக்கு விற்பதற்குப் பெரிய கட்டடங்கள் தேவை என்பதை இந்த மாவட்டம் வெகு காலத்திற்கு முன்பே உணர்ந்திருக்கிறது. 1933ஆம் ஆண்டுச் சென்னை வாணிபப் பயிர்கள் சந்தைச் சட்டத்தை ஒட்டி, தென்னார்க்காடு விற்பனைக் குழு அமைந்தது இங்கேதான். அன்று முதல் கிடங்குகளும், களத்தை ஒட்டிய கொட்டகைகளும், நூலும் துணியும் வைக்கும் கூடங்களும் பெருகி வந்திருக்கின்றன.

இக்கட்டடங்களில் பெரும்பாலானவற்றின் கூரை தரையிலிருந்து இருபது அடிக்கு மேல் உயர்ந்திருக்கிறது. மூட்டைகளை அடுக்குவதற்கும் காற்றோட்டத்திற்கும் இவ்வுயரம் அவசியம். ஆனால் வெளிச்சத்திற்கு அதுவே இடையூறு. எனவே இத்தகைய கூரைகளுக்கென்றே செய்யப்பட்ட விளக்குகளைச் சங்கங்கள் இப்போது வாங்கிப் பொருத்துகின்றன. கவிழ்த்த கிண்ணம் போன்றோ வட்டத் தட்டுப் போன்றோ கொக்கியில் தொங்கும் இவ்விளக்குகளைக் கடைக்காரர்கள் 'ஹைபே' விளக்கு என்று அழைக்கிறார்கள். இவற்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி, உயிருக்கும் பொருளுக்கும் தீங்கு நேராமல் அமைப்பது எப்படி என்பதே இப்பாடத்தின் பொருள்.

1. உயரமும் ஒளியும்

விளக்கின் உயரம் இரு மடங்கானால் நேர் கீழே விழும் ஒளி பாதியாவதில்லை; நாலில் ஒரு பங்காகிவிடுகிறது. பத்தடி உயரத்தில் போதுமான வெளிச்சம் தந்த விளக்கு இருபதடியில் மங்கித் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. ஆகையால் உயரக் கூரையின் விளக்கு பக்கவாட்டில் ஒளியைச் சிதறவிடாமல் கீழ்நோக்கிக் குவித்து அனுப்புவதாக இருத்தல் வேண்டும்.

ஒளியின் அளவை 'லக்ஸ்' என்னும் அலகால் குறிப்பிடுவர். நண்பகல் வெயிலில் சுமார் 1,00,000 லக்ஸ் இருக்கும். முழுநிலவின் ஒளி ஒரு லக்ஸ் கூட இராது. மூட்டை அடுக்கும் கிடங்கிற்கு 100 முதல் 150 லக்ஸ் போதும். அறுந்த இழையையும் சாயத் திட்டையும் கண்டறிய வேண்டிய துணிப் பரிசோதனை மேசைக்கு இதைப்போல் ஐந்து ஆறு மடங்கு தேவைப்படும். அவ்வளவு ஒளியைக் கூரையிலிருந்தே இறக்க முயல்வது வீண் செலவு. மேசைக்கு மேல் தாழ்வாகத் தனி விளக்கு அமைப்பதே முறை. குழித்தறிக் கூடங்களுக்கும் தாழ்ந்த கூரை வீடுகளுக்கும் இந்த உயர விளக்கு ஏற்றதன்று. அது கண்ணைக் கூசச் செய்து நெசவாளரின் வேலையைக் கெடுக்கும்.

ஓர் உதாரணம் கூறுவோம். 60 அடி நீளமும் 40 அடி அகலமும் உள்ள கிடங்கில் 20 அடி உயரத்தில் விளக்குகள் தொங்குவதாகக் கொள்வோம். விளக்கிற்கும் விளக்கிற்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய உயரத்திற்குச் சமமாக இருப்பது நல்லது. ஆகவே 20 அடிக்கு ஒன்று வீதம், நீளவாக்கில் மூன்றும் அகலவாக்கில் இரண்டுமாக ஆறு விளக்குகள் வேண்டும். சுவரை ஒட்டிய வரிசை சுவரிலிருந்து பாதி இடைவெளி, அதாவது 10 அடி, தள்ளி இருக்க வேண்டும். 100 வாட் எல்.இ.டி. விளக்குகள் ஆறு இருந்தால் மேலே சொன்ன கிடங்கு வெளிச்சம் கிடைத்துவிடும். மூட்டை அடுக்குகளுக்கு இடையே நடைபாதை விட்டிருந்தால், விளக்கு வரிசை நடைபாதைக்கு நேர் மேலே வருமாறு கொள்ள வேண்டும். அடுக்கின் உச்சிக்கு மேல் எரியும் விளக்கு பாதைக்குப் பயன்படாது. தீ அபாயத்தையும் கூட்டும்.

2. விளக்கைத் தேர்தல்

பழைய கிடங்குகளில் பாதரச ஆவி விளக்குகளும் மெட்டல் ஹாலைடு விளக்குகளும் இருந்தன. சில இடங்களில் இன்னும் இருக்கின்றன. இவை முழு ஒளி தருவதற்குச் சில நிமிஷங்கள் ஆகும். மின்சாரம் ஒரு கணம் நின்று வந்தாலும் விளக்கு ஆறிய பிறகே மறுபடி எரியும். அதுவரை மூட்டை தூக்குபவர் இருளில் நிற்க நேரிடும். மெட்டல் ஹாலைடு விளக்கு தன் ஆயுளின் முடிவில் வெடித்துச் சூடான துண்டுகளைச் சிதறச் செய்வதும் உண்டு. பஞ்சும் சாக்கும் உள்ள இடத்தில் இதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

நீல ஒளி தரும் எல்.இ.டி.யை உருவாக்கிய ஜப்பானிய அறிஞர் மூவருக்கு 2014இல் பௌதிக நோபல் பரிசு அளிக்கப்பட்டது. அதன் பயனாகவே இன்று 250 வாட் மெட்டல் ஹாலைடு செய்த வேலையை 100 வாட் எல்.இ.டி. செய்கிறது. பழைய விளக்கு சோக்குடன் சேர்த்துச் சுமார் 280 வாட் இழுக்கும். ஆறு விளக்குகள், நாளொன்றுக்கு நான்கு மணி, ஆண்டில் 300 நாள் என்று கணக்கிட்டால் 1,296 யூனிட் மிச்சமாகிறது. நிர்வாகக் குழு இக்கணக்கைத் தன் கட்டண விகிதத்தால் பெருக்கிப் பார்த்து முடிவு செய்யலாம்.

வாங்கும்போது விலையை மட்டும் பாராமல் பின்வருவனவற்றையும் கேட்டறிய வேண்டும். முதலாவது, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்கிறதா? இரண்டாவது, பஞ்சுத் தூசும் தவிட்டுத் தூசும் உட்புகாதபடி 'ஐ.பி. 65' தரத்தில் மூடப்பட்டுள்ளதா? மூன்றாவது, நிறங்களை உள்ளபடி காட்டும் திறன் எண் 80க்குக் குறையாமல் இருக்கிறதா? இது குறைந்த விளக்கின் கீழ் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தோன்றும். லுங்கி நெய்யும் சங்கத்திற்கு அது நேரடி நஷ்டம். நான்காவது, மின்னழுத்த ஏற்றத்தைத் தாங்கும் காப்பு உள்ளதா?

3. தொங்கவிடுதல்

விளக்கு விழுந்தால் இருபதடியிலிருந்து விழும். மூன்று நான்கு கிலோ எடையுள்ள உலோகம் அவ்வுயரத்திலிருந்து ஒருவர் தலையில் விழுந்தால் உயிர் தப்புவது அரிது. எனவே தொங்கவிடும் முறைக்கு நான்கு விதிகளைக் கூறுகிறோம்.

முதல் விதி: எடையை உத்தரமோ இரும்புச் சட்டமோ தாங்க வேண்டும், கூரைத் தகடு ஒருபோதும் தாங்கலாகாது. இரண்டாம் விதி: கொக்கி வாய் மூடியதாகவோ, மரையிட்டு மூடக் கூடியதாகவோ இருக்க வேண்டும். திறந்த கொக்கியிலிருந்து காற்றின் ஆட்டத்தால் வளையம் நழுவிவிடும். மூன்றாம் விதி: முதற் கொக்கியைத் தவிர, எஃகுக் கம்பிவடம் ஒன்றை விளக்கின் உடலிலிருந்து சட்டத்தின் வேறோர் இடத்திற்குக் கட்ட வேண்டும். முதற் பிடி விட்டாலும் இரண்டாம் பிடி தாங்கும். நான்காம் விதி: மின்கம்பியின் மேல் எடை சிறிதும் விழலாகாது, அது தளர்ந்து தொங்க வேண்டும்.

விளக்கின் தொங்கு பாகம் அதன் எடையைப்போல் நான்கு மடங்கு பாரத்தை ஒரு மணி நேரம் தாங்க வேண்டும் என்பது சர்வதேசத் தர நூலில் உள்ள சோதனை. நாமும் சட்டத்தில் கொக்கியை மாட்டியபின், நான்கு கிலோ விளக்கிற்குப் பதினாறு கிலோ மணல் மூட்டையைக் கட்டி, கீழே எவரும் நில்லாமல் பார்த்துக்கொண்டு, ஒரு மணி நேரம் விட்டுவைத்துச் சோதிக்கலாம். செலவில்லாத சோதனை, செய்பவர்தாம் சிலர்.

தணிக்கைக்காக நாம் சென்ற ஒரு சங்கத்தின் கிடங்கில் ஆணி கழன்று, மின்கம்பியிலேயே விளக்கு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. சுட்டிக்காட்டியபோது, "இரண்டு வருஷமாக அப்படித்தான் இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை" என்று விடை வந்தது. அடுத்த தணிக்கைக்கு முன் அது விழுந்துவிட்டது. மூட்டையின் மேல் விழுந்தபடியால் எவருக்கும் தீங்கில்லை. இரண்டு வருஷம் விழாதிருந்தது பாதுகாப்பிற்கு அத்தாட்சி அன்று என்பதே நாம் அறிய வேண்டியது.

4. மின் இணைப்பு

தமிழ்நாட்டில் மின் அமைப்பு வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரும் தகுதிச் சான்று பெற்ற கம்பியாளருமே செய்யலாம். பாதுகாப்பு விதிகள் மத்திய மின்சார ஆணையத்தால் 2023இல் புதுப்பிக்கப்பட்டன. அங்கத்தினர் கம்பியாளராக வேண்டியதில்லை. ஆனால் சரியாக நடக்கிறதா என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு மயக்கத்தை முக்கியமாக எச்சரிக்கிறோம். நம் நாட்டு மும்முனைக் கம்பிகளில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் மின்சாரம் வரும் கம்பிகள். கறுப்பு நடுநிலைக் கம்பி. ஆனால் புதிய விளக்குகளோடு வரும் கம்பியில் பழுப்பு நிறமே மின்சாரம் வருவது, நீலம் நடுநிலை. நிறத்தை மட்டும் நம்பி நீலத்தை நீலத்தோடு முறுக்குபவர் பெரும் விபத்தை அழைக்கிறார். பச்சையும் மஞ்சளும் கலந்த கம்பி இரு முறையிலும் நில இணைப்பு. அதனை வெட்டிவிட்டு வேலையை முடிப்பது குற்றத்திற்கு ஒப்பாகும். விளக்கின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால், அதை நிலத்திற்குக் கொண்டு செல்லும் வழி அது ஒன்றே.

ஆறு விளக்குகளும் எரியும்போது 600 வாட். 230 வோல்ட்டில் 2.6 ஆம்பியர்தான். ஆயினும் ஸ்விட்சைப் போடும் கணத்தில் எல்.இ.டி. விளக்குகள் பன்மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அதனால் சிறிய எம்.சி.பி. அடிக்கடி விழுந்துவிடும். 'சி' வகை எம்.சி.பி.யைப் பொருத்தினால் இத்தொல்லை நீங்கும். விழுகிறதே என்று அதைக் கட்டி வைப்பது தகாது. இதனோடு 30 மில்லியாம்பியர் கசிவில் துண்டிக்கும் சாதனமும் இருத்தல் அவசியம்.

விசைத்தறியோ அரைவை இயந்திரமோ சுழலும் கூடத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. தரம் குறைந்த விளக்கு வினாடிக்கு 100 முறை துடிப்பதால், சுழலும் சக்கரம் நிற்பதுபோல் கண்ணுக்குத் தோன்றலாம். நின்றுவிட்டது என்று எண்ணிக் கையை நீட்டுவோரும் உண்டு. துடிப்பில்லாத விளக்கை வாங்குவதும், விளக்குகளை மூன்று முனைகளிலும் பகிர்ந்து இணைப்பதும் இதற்குப் பரிகாரம்.

5. ஏறுபவரின் உயிர்

வேலை தொடங்குமுன் மெயின் ஸ்விட்சை நிறுத்தி, பூட்டி, சாவியை ஏறுபவரே தம் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். "ஆள் வேலை செய்கிறார், போடாதே" என்ற அட்டையும் தொங்க வேண்டும். ஜெனரேட்டர், இன்வர்ட்டர், சூரிய மின்தகடு ஆகியவை இருந்தால் அவற்றையும் தனித்தனியே துண்டிக்க வேண்டும். மெயினை நிறுத்தியும் மின்சாரம் வருவது இவற்றாலேயே. பின்பு சோதனைக் கருவியை மின்சாரம் உள்ள இடத்தில் முதலில் வைத்துப் பார்த்து, அது வேலை செய்வதை உறுதி செய்துகொண்டு, வேலை செய்யும் கம்பியில் வைத்து, மறுபடி மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இருபதடி உயரத்திற்குச் சாய்வேணி ஏற்றதன்று. சக்கரம் பூட்டிய சாரமே வேண்டும். அதற்குக் கைப்பிடிச் சட்டமும் வேண்டும். ஏறுபவர் உடற்பட்டை அணிந்து, அதன் கயிற்றைத் தலைக்கு மேலுள்ள சட்டத்தில் மாட்ட வேண்டும். கருவிகளைக் கயிற்றில் கட்டி மேலே இழுக்க வேண்டும். கீழே ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும். சாரத்தின் மேல் ஆள் இருக்கும்போது அதைத் தள்ளி நகர்த்துவது கூடவே கூடாது.

ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார்த் தகட்டின் மேல் கால் வைப்பது எல்லாவற்றிலும் கொடிய தவறு. பார்வைக்குக் கல்போல் இருந்தாலும் ஆளின் எடையில் அது சட்டென்று உடையும். கூரை மேலிருந்து வேலை செய்ய நேர்ந்தால் சட்டங்களின் மேல் பலகை பரப்பி அதன்மேல் மட்டுமே நடக்க வேண்டும்.

ஒருவரை மின்சாரம் பற்றிக்கொண்டால் வெறுங்கையால் தொடாதீர்கள். மெயினை நிறுத்துங்கள், இயலாவிடில் காய்ந்த மரக்கட்டையால் அகற்றுங்கள். மூச்சு நின்றிருந்தால் பயிற்சி பெற்றவர் மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க, மற்றவர் 108க்கு அழையுங்கள்.

6. கடற்காற்றும் புயலும்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது இம்மாவட்டத்தின் மின்கம்பங்களும் கூரைகளும் பட்ட பாட்டை எவரும் மறந்திரார். 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் வெள்ளம் புகுந்தது. இவ்விரண்டும் நமக்குப் பாடமாக வேண்டும். கடலின் உப்புக்காற்று சாதாரண இரும்பை அரிக்குமாகையால், கொக்கி, சங்கிலி, மரை ஆகியன துத்தநாகம் பூசியவையாகவோ துருவேறா எஃகாகவோ இருக்கட்டும். பக்கச் சுவரில்லாக் கொட்டகையில் சங்கிலிக்குப் பதில் ஆடாத சட்டத்தில் விளக்கைப் பொருத்துங்கள். ஸ்விட்சுப் பலகையை வெள்ளம் எட்டாத உயரத்தில் அமையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஆண்டிற்கொரு முறை எல்லாக் கொக்கிகளையும் பார்வையிட்டு, விளக்கின் மேல் படிந்த தூசைத் துடைக்கச் செய்யுங்கள்.

7. நிர்வாகக் குழுவின் கடமை

சங்கப் புத்தகங்களைப் புரட்டும்போது விளக்கு வாங்கிய ரசீதும், கூலி கொடுத்த வவுச்சரும் ஒழுங்காகவே இருக்கின்றன. ஏறியவருக்கு உடற்பட்டை இருந்ததா என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. குறைந்த விலைப்புள்ளியை ஏற்பது குழுவின் வழக்கம்; அந்தக் குறைவு சாரத்திலும் பட்டையிலும் மிச்சம் பிடித்ததால் வந்ததா என்று கேட்பதும் வழக்கமாக வேண்டும். ஆகவே தீர்மானம் எழுதும்போதே ஒப்பந்தக்காரரின் உரிம எண், சாரமும் பட்டையும் கொண்டு வரும் பொறுப்பு, தொழிலாளர் காப்புறுதி, எடைச் சோதனை, நில இணைப்புச் சோதனை ஆகிய ஐந்தையும் நிபந்தனையாகச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். கழற்றிய பாதரச விளக்குகளை உடைக்காமல் உரிய மின்கழிவு சேகரிப்பாளரிடம் ஒப்படைத்ததற்கும் ரசீது பெற வேண்டும். ஏறுபவர் பெரும்பாலும் நம் ஊர் இளைஞரே. அங்கத்தினர் ஒருவரின் மகனாகவும் இருப்பார். சங்கச் சொத்தைக் காப்பது போலவே அவரைக் காப்பதும் சங்கத்தின் வேலை.

ஆலோசனைக் கூட்டத்திற்கான வினாக்கள்

1. நமது கிடங்கின் விளக்குகளுக்கு இரண்டாவது பிடியாகக் கம்பிவடம் உண்டா?

2. விளக்கு வரிசை நடைபாதைக்கு மேல் இருக்கிறதா, மூட்டைகளுக்கு மேல் இருக்கிறதா?

3. நீலக் கம்பியைப் பற்றிய எச்சரிக்கையை உங்கள் சொற்களில் விளக்குக.

4. மெயினை நிறுத்திய பின்னும் மின்சாரம் வரக்கூடிய வழிகள் நமது கட்டடத்தில் யாவை?