மூலம் எது, உரை எது?



நான் பொறியியல் மாணவி. புரோகிராம் எழுதும்போது நடுநடுவே 'கமெண்ட்' போட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தருவார்கள். கணினி அந்த வரிகளைக் கண்டுகொள்ளாது. பிறகு அதைப் படிக்கப் போகிற மனிதருக்காகத்தான் அவை. நம் நூல் மரபில் இந்த வேலையைச் செய்வது 'உரை'.

நம் நூல்கள் பல மிகவும் சுருக்கமானவை. சிவஞானபோதத்தில் இருப்பது 12 சூத்திரங்கள்தான். மெய்கண்டாரே அவற்றோடு வார்த்திகமும் உதாரண வெண்பாக்களும் சேர்த்தார். பிற்காலத்தில் சிவஞான முனிவர் அதற்குச் சிற்றுரை, மாபாடியம் என இரண்டு உரைகள் எழுதினார். இவையெல்லாம் இல்லாமல் நம்மைப் போன்றவர்கள் அந்த நூலுக்குள் நுழைவது ரொம்பக் கஷ்டம்.

உரையில் மூன்று வகைகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பதவுரை, சொல்லுக்குச் சொல் பொருள் தரும். பொழிப்புரை, முழுப் பாட்டின் பொருளைத் திரட்டித் தரும். விளக்கவுரை, "ஏன் இந்தச் சொல்? இதனால் என்ன பெறப்படுகிறது?" என்று ஆராயும். இந்த மூன்றாவதில்தான் உரையாசிரியரின் சொந்தக் கருத்தும், அவர் காலத்து எண்ணமும் அதிகமாகக் கலக்கும். இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் சமய வகுப்பில் ஒரு தங்கை கையில் புத்தகத்தோடு வந்து, "அக்கா, பிள்ளைச் செல்வம்னு வள்ளுவர் சொன்னதுல பொம்பளப் பிள்ளைங்க சேர்த்தி இல்லையா?" என்று கேட்டாள். அவள் காட்டியது 61ஆவது குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய உரை. அறிவைக் குறிக்கும் சொல் குறளில் வருவதால், 'மக்கள்' என்பது பெண்ணை நீக்கி நிற்கிறது என்கிறார் அவர். அதிகாரத்துக்கு அவர் தந்த தலைப்பும் 'புதல்வரைப் பெறுதல்'. ஆனால் குறளில் இருப்பது 'மக்கள்' என்ற பொதுச்சொல். அவருக்கு முன்பே உரை எழுதிய மணக்குடவர், பெண்ணை அப்படி விலக்கவில்லை. இன்றைய பதிப்புகள் பலவற்றில் 'மக்கட்பேறு' என்றே தலைப்பு இருக்கிறது.

"குறளில் விரல் வைத்துக் காட்டு, பெண் கூடாது என்று எங்கே இருக்கிறது?" என்றேன். தேடிப் பார்த்தாள். இல்லை.

அதற்காகப் பரிமேலழகரை ஒதுக்கிவிடக் கூடாது. திருக்குறளுக்கு எழுந்த பழைய உரைகள் பத்து என்பார்கள். அவற்றுள் மிகவும் பெயர் பெற்றது அவருடையதே. இலக்கண நுட்பம், சொல்லழகு, குறள்களின் வரிசைக்குள் இருக்கும் தொடர்பு என்று அவரிடம் கற்க நிறைய உண்டு. கற்றுக்கொள்வோம். ஆனால் அவர் சொன்னதை வள்ளுவர் தலையில் கட்ட வேண்டாம். கணினி கமெண்டைப் படிக்காது, மூலத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். நாமோ பல நேரம் உரையை மட்டும் படித்துவிட்டு மூலத்தையே மறந்துவிடுகிறோம்.

இனிமேல் இப்படிப் படித்துப் பாருங்கள்:

1. முதலில் மூலத்தை இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள்.
2. பதவுரையைப் பார்த்து, நீங்களே ஒரு வரியில் பொருள் எழுதுங்கள்.
3. அதன் பிறகு இரண்டு உரைகளை ஒப்பிடுங்கள்.
4. மூலத்தில் இல்லாத கருத்து உரையில் வந்தால், பென்சிலால் ஓரத்தில் 'உ' என்று குறியுங்கள்.

அடுத்த வகுப்புக்கு 69ஆவது குறளை எடுத்துக்கொள்வோம். தாயைப் பற்றிய குறள் அது. பரிமேலழகர் உரையையும் இக்கால உரை ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு வாருங்கள். எத்தனை 'உ' விழுகிறது என்று சேர்ந்தே பார்ப்போம்!