முதல் பந்தியில் இருங்கள்

மூதூர்த் தங்கச்சிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மயஸ்தீனியா கிராவிஸ் என்று டாக்டர் சொல்லி நாலு மாதமாகிறது, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன், என்றாலும் இரவில் பாதிச் சாப்பாட்டுக்கு மேல் மெல்ல முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன சமைக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தின் அடியில், பிறகு யோசித்துச் சேர்த்ததுபோல் ஒரு வரி: "எல்லாரும் சாப்பிட முன்னம் நான் எப்படி அக்கா சாப்பிடுறது?" அந்த வரிக்குத்தான் முதலில் பதில் எழுத வேண்டும்.

எனக்கு இந்த நோய் வந்து பதினொரு வருடம். அதன் பெயர் தெரியாத காலத்தில் ஓர் இரவு, தம்பி குடும்பம் வீட்டுக்கு வந்திருந்தது. புட்டு அவித்து, கணவாய்க் கறி வைத்து, எல்லாருக்கும் போட்டுவிட்டு நான் இருந்தபோது ஒன்பதரை மணி. மூன்றாவது வாயில் தாடை நின்றுவிட்டது. வலி ஒன்றுமில்லை, அசையவில்லை, அவ்வளவுதான். இடது கையால் நாடியைத் தாங்கிக்கொண்டு மென்றேன். இறங்கட்டும் என்று தண்ணீர் குடித்தேன். அது மூக்கால் வந்தது. "ஆரோ நினைக்கினம்" என்று உச்சியில் தட்டினார்கள். அடுத்த நாள் காலை ஒரு மருத்துவரிடம் போனேன். அங்கே நன்றாகப் பேசினேன், கண் இமையும் நன்றாகத் திறந்திருந்தது. வெறும் களைப்பு என்று அனுப்பிவிட்டார்.

இந்த நோயின் குணமே அதுதான். நரம்பு சொல்வதைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தை, நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே பழுதாக்கிவிடுகிறது. ஆறியிருந்த தசை கொஞ்ச நேரம் சொன்னது கேட்கும். வேலை செய்யச் செய்யச் சோரும். காலையில் இருந்த தாடை இரவில் இராது. அப்படியிருக்க, விடியவே எழும்பித் தேங்காய் திருவி, இடியப்பம் பிழிந்து, நாள் முழுக்க அடுப்படியில் நின்று, கடைசி ஆளாகக் கோப்பையை எடுக்கிற பெண் எந்த நேரத்தில் சாப்பிட இருக்கிறாள்? உடம்பில் பலம் எல்லாம் தீர்ந்த நேரத்தில். மற்றவர்களுக்கு அது வெறும் பசி. உங்களுக்கும் எனக்கும் அது புரைக்கேறி மூச்சுக்குழலுக்குள் சோறு போகிற ஆபத்து.

ஆகவே நீங்கள் முதலில் சாப்பிட வேண்டும். அதை மாமிக்கு எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். நம் வழக்கத்திலேயே பெண்ணை முதலில் இருத்தி ஊட்டும் நேரம் இரண்டு இருக்கின்றன: சாமத்தியப்பட்டபோது, பிள்ளை பெற்றபோது. உழுந்துக்களி, முட்டை, நல்லெண்ணெய், பத்தியக்கறி. அப்போது யாரும் அவளைக் காத்திருக்கச் சொல்வதில்லை. அந்தச் சாப்பாட்டைப் பாருங்கள், களைத்த தாடைக்கென்றே செய்ததுபோல் இருக்கும். "என்னையும் பிள்ளை பெத்தவள் மாதிரிப் பாருங்கோ" என்றுதான் நான் என் மாமியிடம் சொன்னேன். அவருக்கு அது உடனே விளங்கியது.

நல்லெண்ணெய் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1977, 78இல் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இருபதுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெண்பிள்ளைகளின் கைகால்கள் சோர்ந்தன. சாமத்தியப்பட்ட பிள்ளை என்று பாசத்தோடு கொடுத்த நல்லெண்ணெயில் டிரைகிரசில் பாஸ்பேட் என்ற நஞ்சு கலந்திருந்தது. மருத்துவர்கள் நிமால் சேனாநாயக்கவும் ஜெயரத்தினமும் 1981இல் லான்செட் மருத்துவ இதழில் அதை எழுதினார்கள். அது நரம்பைத் தாக்கிய வேறு நோய். நமக்கு வந்தது அதுவல்ல. ஆனாலும் எண்ணெயை எங்கே ஆட்டினது, எந்தத் தகரத்தில் வந்தது என்று கேட்டு வாங்குங்கள்.

இனி மாத்திரை. 1934இல் லண்டன் கிரீனிச்சில் மேரி வாக்கர் என்ற மருத்துவர், பைசோஸ்டிக்மின் ஊசி போட்டதும் நோயாளியின் இமை உயர்ந்ததை, விழுங்குவது இலகுவானதைக் கண்டு, அதே லான்செட்டுக்கு ஒரு கடிதமாக எழுதி அனுப்பினார். சில மணி நேரத்தில் அந்தப் பலன் இறங்கிவிட்டதையும் மறைக்காமல் எழுதினார். நாம் போடும் பிரிடோஸ்டிக்மின் அந்த மருந்தின் வழியில் வந்ததுதான். அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் ஏறும், மூன்று நாலு மணியில் இறங்கும். ஆகவே சோற்றுக்குப் பிறகு மாத்திரை என்ற பழக்கம் நமக்குச் சரிவராது. அளவை நீங்களாக மாற்ற வேண்டாம். நேரத்தை மட்டும் டாக்டரிடம் கேட்டு அமைத்துக்கொள்ளுங்கள்.

நான் காலை ஏழு மணிக்கு மாத்திரையை ஒரு துண்டு வாழைப்பழத்தோடு போடுவேன், வயிறு பிடித்து இழுக்காமல் இருக்க. ஏழே முக்காலுக்கு நாளின் பெரிய சாப்பாடு: குழைய விட்ட சோறு, முள் எடுத்த பாரை மீன், முதல் பால் விட்ட சொதி, கடைந்த கீரை. இரவுக்குக் கொஞ்சம்தான். புட்டை உதிரியாக வாயில் போடாதீர்கள், சொதியில் ஊறவிட்டுக் குழைத்துச் சாப்பிடுங்கள். வெறும் தண்ணீர்தான் சுலபம் என்று நினைப்போம், தொண்டை சோர்ந்த நேரத்தில் அதுதான் முதலில் வழி தவறும். கெட்டியாக, வழுக்கிக்கொண்டு இறங்குவதுதான் நல்லது. அதில் உங்கள் பக்கத்து எருமைத் தயிரை வெல்ல ஒன்றுமில்லை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் சூடு நம் தசைகளை இன்னும் சோர வைக்கும். அப்போது சட்டியிலிருந்து குளிரக் குளிர எடுத்த தயிர் இரண்டு கரண்டி போதும், தாடைக்கு உயிர் வந்ததுபோல் இருக்கும். கணவாயை நான் விட்டுவிட்டேன். இன்றும் அந்த மணம் வந்தால் மனம் கேட்பதில்லை. பிரெட்னிசலோன் போடுகிறீர்கள் என்றால் கருவாட்டையும் குறையுங்கள், உப்பு நீரைத் தேக்கும்.

திருவலை உங்கள் வேலை இல்லை. கையைத் தூக்கி ஆட்டுவது தோளைக் கொன்றுவிடும். உங்கள் வீட்டுக்காரர் திருவித் தரட்டும், இல்லையென்றால் தேங்காய்ப் பால்மா பைக்கட் வாங்குங்கள். இடியப்பத்தைக் கடையில் வாங்குவதில் குறையில்லை. ஸ்டூல் போட்டு இருந்து வெட்டுங்கள். தூள் போத்தல்களை மேல் தட்டிலிருந்து இடுப்பு உயரத்துக்கு இறக்கிவிடுங்கள்.

குரல் மூக்கால் வந்து, எச்சிலும் விழுங்க முடியாமல், படுத்தால் மூச்சு முட்டினால் விடியும்வரை பொறுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். லாஞ்சுக்குக் காத்திருந்த காலம் இல்லை, கிண்ணியாப் பாலத்தால் ரோட்டு இருக்கிறது.

நாளைக் காலை ஏழே முக்காலுக்குச் சோற்றைப் போட்டுக்கொண்டு இருங்கள். மாமியையும் பக்கத்தில் இருத்துங்கள். இவ்வளவு வருடமும் அவரும் கடைசியாகத்தான் இருந்திருப்பார்.

அன்புடன்,
அக்கா
திருகோணமலை